கழல மறுத்த ஆயில் ஃபில்டர்: ஆயிலை வடிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பைக்கில் ஆயில் மாற்றுவது எப்படி என்று தமிழிலேயே நிறையக் காணொளிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஃபில்டரைப் பிடித்து இரண்டு திருப்புத் திருப்பினால் கையோடு வந்துவிடுகிறது. வராவிட்டால் என்ன செய்வது என்பதை யாரும் காட்டுவதில்லை. காட்டுகிறவர்களும் "ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்பினால் வந்துவிடும்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அப்படி வராமல் போன ஒரு ஃபில்டரால் என் வண்டி ஒரு வாரத்துக்கு மேல் வீட்டு போர்டிகோவில் நகர முடியாமல் நின்றது. சுமார் 2,500 ரூபாய் செலவானது. பணத்தைவிட என்னை வாட்டியது இன்ஜினுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பயம்தான். அந்த நாட்களில் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து "இதைச் செய், இதைச் செய்யாதே" என்று சொல்லியிருந்தால் பாதிக் கஷ்டம் வந்திருக்காது. அதற்காகத்தான் நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

வண்டி ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முந்தைய உரிமையாளர் வண்டியைப் பளபளவென்றுதான் வைத்திருந்தார். கடைசி ஆயில் சர்வீஸை வெளியே ஒரு தனியார் பட்டறையில் செய்ததாகச் சொன்னார். நம் ஊரில் அதிகம் ஓடும் பல்சர், கிளாசிக் 350 போன்ற வண்டிகளில் தாள் ஃபில்டர் ஒரு மூடிக்குள் உட்கார்ந்திருக்கும். மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் ஃபில்டர் கையில் வந்துவிடும், அங்கே இந்தப் பிரச்சினையே கிடையாது. இந்த 650 சிசி இன்ஜினில் காரில் இருப்பது போல முழு டப்பாவாகத் திருகி மாட்டும் ஃபில்டர். கவாசாகி நின்ஜா 650 போன்ற வண்டிகளிலும் இதே வகைதான். இன்டர்செப்டரில் அது இன்ஜினின் முன்பக்கம், இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் இரண்டு பெண்ட் பைப்புகளுக்கும் நடுவில், முன் சக்கரத்தைப் பார்த்தபடி இருக்கும். பார்க்கும்போது எளிதாக எட்டும் இடம் போலத் தெரியும். கையை விட்டால்தான் பக்கவாட்டில் எவ்வளவு குறைவான இடம் இருக்கிறது என்று தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். கையேட்டில் சொன்ன வரிசைப்படி இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, சென்டர் ஸ்டாண்டு போட்டு, டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்தேன். கருப்பாக, நல்ல வேகத்தில் வடிந்தது. அப்புறம் ஃபில்டரில் கை வைத்தேன். அசையவே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கால் வழுக்குகிறது என்று நினைத்து, பெட்ரோலில் நனைத்த துணியால் டப்பாவைத் துடைத்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு முயன்றேன். ஒரு மயிரிழைகூட நகரவில்லை. அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்துவிட்டது.

இங்கேயே நிறுத்தி முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஆயிலை வடிப்பதற்கு முன்பே ஃபில்டர் அசைகிறதா என்று பார்த்துவிடுங்கள். கால் சுற்று கழன்றால் போதும், சில சொட்டு ஆயில் கசியும், உடனே கையால் திரும்ப முறுக்கிவிட்டு நிதானமாக ஆயிலை வடிக்கலாம். அசையவில்லை என்றால் ஆயிலில் கை வைக்காதீர்கள். ஆயில் உள்ளே இருக்கும்வரை உங்கள் வண்டி ஓடும் வண்டி. ஸ்டார்ட் செய்து நீங்களே எந்தப் பட்டறைக்கும் ஓட்டிக்கொண்டு போகலாம். ஆயிலை வடித்தபிறகு ஃபில்டர் வரவில்லை என்றாலும் அவ்வளவு மோசமில்லை, டிரெயின் போல்ட்டை மாட்டிப் புது ஆயிலை ஊற்றிப் பட்டறைக்குப் போய்விடலாம். ஆனால் ஃபில்டர் டப்பாவில் ஒரு ஓட்டை விழுந்துவிட்டால் கதை முடிந்தது. பிறகு அந்த ஃபில்டர் கழன்று புதியது ஏறும்வரை இன்ஜினை ஒரு நொடிகூட ஓட்ட முடியாது. வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

எனக்கு நடந்தது அதுதான். முதலில் பக்கத்து ஹார்டுவேர் கடையில் 380 ரூபாய்க்கு ஒரு ஸ்ட்ராப் ரெஞ்ச் வாங்கினேன். ரப்பர் வார் ஒன்றை டப்பாவைச் சுற்றி இறுக்கி, கைப்பிடியைத் தள்ள வேண்டும். காரில் இது நன்றாக வேலை செய்யும். இங்கே கைப்பிடி சிறிது தூரம் போனதும் பெண்ட் பைப்பில் இடிக்கிறது. கிடைத்த அந்தச் சிறிய வீச்சில் அழுத்தினால் வார் வழுக்குகிறது. வாருக்கும் டப்பாவுக்கும் நடுவில் சொரசொரப்பான பக்கம் டப்பாவைப் பார்க்கும்படி உப்புத்தாளை மடித்து வைத்தேன். அப்போது பிடி கிடைத்தது, ஆனால் டப்பா சுழலவில்லை, நசுங்கியது. ஃபில்டரின் தகடு அவ்வளவு மெல்லியது. வார் பிடிக்கும் இடம் டப்பாவின் நுனிப்பக்கம் என்றால் இன்னும் சீக்கிரம் நசுங்கும். ஸ்ட்ராப் ரெஞ்ச்தான் கையில் இருக்கிறது என்றால், முடிந்தவரை இன்ஜினை ஒட்டிய அடிப்பக்கத்தில் மாட்டுங்கள். அங்கேதான் உள்ளே தடித்த தட்டு இருப்பதால் டப்பா உறுதியாக இருக்கும்.

திசையையும் ஒரு தடவை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். முன் சக்கரப் பக்கம் உட்கார்ந்து ஃபில்டரின் முகத்தை நேராகப் பார்த்தால் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். வண்டிக்குப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டால் இடம் எது வலம் எது என்று தலை குழம்பும். நான் டப்பாவின் முகத்திலேயே மார்க்கரால் அம்புக்குறி போட்டுக்கொண்டேன். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் ஃபில்டரை இன்னும் இறுக்கிவிட்டால் மீட்பது இரட்டிப்பு வேலை.

மதியம் ஆனது. எதிர் வீட்டில் முன்பு லாரி ஓட்டிய ஒரு பெரியவர் இருக்கிறார். நான் வியர்த்து வழிவதைப் பார்த்துவிட்டு வந்தார். "ஒரு நீட்டு திருப்புளிய எடுத்து நடுவுல அடிச்சுத் திருப்பு தம்பி, வராம எங்க போயிடும்?" என்றார். லாரியில் பல வருடம் அவர் அப்படித்தான் செய்திருக்கிறார். லாரி ஃபில்டர் நீளமானது, தகடு தடித்தது, சுற்றிலும் இடம் தாராளம். அவர் சொன்னதில் தப்பில்லை, ஆனால் பைக் ஃபில்டருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஸ்க்ரூடிரைவரை இந்தப் பக்கம் அடித்து அந்தப் பக்கம் வெளியே எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். தகடு நீளமாகக் கிழிந்துகொண்டே போனது, அடித்தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. கிழிந்த வழியாக உள்ளே தங்கியிருந்த ஆயில் என் முழங்கை வரை வழிந்தது. தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி கூர்மை, உள்ளங்கையில் வெட்டு விழுந்தது. நல்லவேளை, தையல் போடும் அளவுக்கு இல்லை. இந்த வேலையை யார் செய்தாலும் தடித்த தோல் கையுறை இல்லாமல் செய்யாதீர்கள்.

பெரியவர் சங்கடப்பட்டுப் போய்விட்டார். அவரை அனுப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேமித்து ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. கிழிந்த டப்பாவிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டவும் முடியாது, தள்ளிக்கொண்டு போகவும் முடியாது, இருநூறு கிலோவுக்கு மேல் எடை. மழை மேகம் வேறு கூடியிருந்தது. இரண்டு பட்டறைகளுக்குப் போன் செய்தேன். ஓர் இடத்தில் வேன் அனுப்ப மட்டும் 1,800 ரூபாய் கேட்டார்கள். இன்னோர் இடத்தில், ஃபில்டர் உட்காரும் முகத்தில் கீறல் விழுந்திருந்தால் இன்ஜினின் வெளிக்கூடான கிராங்க் கேஸையே மாற்ற வேண்டி வரலாம் என்று சொன்னார்கள். கிராங்க் கேஸ் மாற்றுவது என்றால் இன்ஜினை முழுவதுமாகப் பிரிப்பது. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, கடைகள் கிடையாது. திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு குரோம்பேட்டையிலிருந்து ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். சென்னையில் வண்டி சாமான் எதுவும் அங்கே கிடைக்காமல் போகாது. கப் ரெஞ்ச் ஒன்று 650 ரூபாய்க்கு வாங்கினேன். ஃபில்டரின் முகத்தில் தொப்பி மாதிரி உட்காரும் கருவி இது. ஃபில்டரின் நுனியில் இருக்கும் பட்டைகளும் இதன் உள்பக்கப் பட்டைகளும் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும். பின்னால் ராட்செட் என்ற திருப்பும் கைப்பிடியை மாட்ட ஒரு சதுரத் துளை இருக்கும். டப்பாவைப் பக்கவாட்டில் நசுக்காமல், முன்னாலிருந்து நேராக முறுக்கு கொடுப்பதால் இன்டர்செப்டர் போல நெருக்கமான இடத்துக்கு இதுதான் சரியான கருவி.

வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். கப் ரெஞ்சுகள் 64, 65, 67 மில்லிமீட்டர் என்று ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வரும், பட்டைகளின் எண்ணிக்கையும் மாறும். ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால்கூட இறுகிய ஃபில்டரில் வழுக்கிப் பட்டைகளைத் தேய்த்துவிடும். வாயால் அளவு சொல்லி வாங்காதீர்கள். புது ஃபில்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், கடையிலேயே மாட்டிப் பாருங்கள். கொஞ்சம் தட்டினால்தான் உட்காருகிறது என்றால் அதுதான் சரியான அளவு. பழைய ஃபில்டர் வேறு கம்பெனியாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம், அதன் முகத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஃபில்டர் வாங்குகிற அன்றே கப் ரெஞ்சையும் வாங்கிவிடுவதுதான் நல்லது. பிறகு எத்தனை ஆயில் மாற்றத்துக்கும் அதுவே போதும்.

எனக்கு அது காலம் கடந்த வாங்கல். ஸ்ட்ராப்பால் நசுங்கி, ஸ்க்ரூடிரைவரால் கிழிந்த டப்பாவின் முகம் வட்டமாகவே இல்லை. கப் ரெஞ்ச் உட்காரவில்லை. சுத்தியலால் தட்டி உட்கார வைத்துத் திருப்பினேன், கிழிந்த தகடு இன்னும் சுருண்டு, முகம் தனியாகக் கையோடு வந்துவிட்டது. அதோடு டப்பாவை வைத்துத் திருப்பும் வழி எல்லாம் அடைபட்டுவிட்டது.

அன்று இரவு புது ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. டப்பா மெல்லிய தகடு, அதன் வேலை ஆயிலைத் தாங்குவது மட்டும். அடியில் தடித்த இரும்புத் தட்டு ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் மரை போட்ட பெரிய துளை, இன்ஜினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக்குழாயில் ஏறுவது அதுதான். அதைச் சுற்றி வட்டமாகச் சிறு துளைகள், ஆயில் உள்ளே போகும் வழி. விளிம்பில் ரப்பர் வளையம். சுத்தம் செய்யப்படாத ஆயில் வெளித் துளைகள் வழியாக நுழைந்து, தாளில் வடிகட்டப்பட்டு, நடுக்குழாய் வழியாக இன்ஜினுக்குத் திரும்புகிறது. ஃபில்டரைப் பிடித்து வைத்திருப்பது மரை அல்ல, மரையில் எப்போதும் எண்ணெய் இருக்கிறது. பிடித்து வைத்திருப்பது அந்த ரப்பர். பல வருடம் அடுப்பில் வெந்த குக்கர் கேஸ்கெட் விறைத்துப்போவது போல, இன்ஜின் சூட்டில் இந்த ரப்பரும் கெட்டியாகி, ஃபில்டர் உட்காரும் இன்ஜினின் அலுமினிய முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதிகமாக முறுக்கி மாட்டியிருந்தால் பிடி இன்னும் பலம்.

இது புரிந்ததும் எது பயன்படும், எது பயன்படாது என்பதும் தெளிவானது. துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்து ஒரு நாள் ஊறப்போடச் சிலர் சொல்லியிருந்தார்கள். துருவே இல்லாத இடத்தில் அதனால் பலன் இல்லை. ஹீட் கன் வைத்துச் சூடாக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். எண்ணெய் வழிந்து கிடக்கும் இடத்தில், மேலே பெட்ரோல் டேங்க் இருக்கும் வண்டியில் அதைச் செய்ய நான் தயாராக இல்லை, நீங்களும் செய்ய வேண்டாம். டப்பாவைத் திருப்புவதை விட்டுவிட்டு, தடித்த அடித்தட்டைத் திருப்ப வேண்டும். அதற்கு டப்பா முழுவதும் போக வேண்டும்.

தகரம் வெட்டும் கத்தரி ஒன்று 320 ரூபாய்க்கும், ஹாக்ஸா பிளேடுகள் 60 ரூபாய்க்கும் வாங்கி, டப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தேன். சாயந்தரங்களில் அலுவலகம் முடிந்து வந்து, டார்ச் வெளிச்சத்தில் செய்த வேலை. உள்ளே இருக்கும் தாள் பகுதி சுலபமாக வந்துவிடும். அது வந்ததும் நடுவில் மரைக்குழாயின் வாய் தெரியும். அடுத்த வெட்டு வெட்டுவதற்கு முன் அந்த வாயைச் சுத்தமான துணியால் இறுக்கமாக அடைத்துவிடுங்கள். அது வடிகட்டிய ஆயில் நேராக இன்ஜினின் பேரிங்குகளுக்குப் போகும் பாதை. அந்த வாய்க்குள் ஒரு இரும்புத் துகள் போனால் அதைத் தடுக்க அதற்கப்புறம் எந்த ஃபில்டரும் கிடையாது. துணியின் நுனி வெளியே நீளமாகத் தொங்கும்படி விடுங்கள், பிறகு எடுக்க மறக்காமல் இருக்க உதவும். ஹாக்ஸா பிளேடை முடிந்தவரை குறைவாகவே பயன்படுத்தினேன். அது தூள் உதிர்க்கும், கத்தரி உதிர்க்காது. கிரைண்டரைக் கிட்டே கொண்டுவரவே கூடாது.

டப்பா போனபின் அடித்தட்டும் அதைச் சுற்றித் தகட்டின் விளிம்பும் மட்டும் இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருந்தன. விளிம்பில் உளியை வைத்து இடஞ்சுழியாகத் தட்டுவது வழக்கமாகச் சொல்லப்படும் வழி. மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். மெல்லிய விளிம்புதான் மடங்கியது, தட்டு சுழலவில்லை. உளி சற்று நழுவினால் அலுமினிய முகத்தில் கீறல் விழும். அந்த முகத்தில் ரப்பர் உட்காரும் வட்டத்தில் ஒரு கீறல் விழுந்தாலே ஆயில் கசிவு நிரந்தரமாகிவிடும். கிராங்க் கேஸ் என்ற வார்த்தை காதில் ஒலித்துக்கொண்டே இருந்ததால் உளியைக் கீழே வைத்துவிட்டேன்.

அடித்தட்டின் சிறு துளைகள்தான் பிடி. எதிரெதிரே இருக்கும் இரண்டு துளைகளில் இரண்டு முளைகளைச் செருகித் திருப்பினால் முறுக்கு முழுவதும் தடித்த இரும்பில் இறங்கும். நோஸ் பிளையரின் இரண்டு நுனிகளை விட்டுத் திருப்பிப் பார்த்தேன், பிளையர் வளைந்தது. இறுக்கம் குறைவான ஃபில்டராக இருந்தால் அதுவே போதுமாக இருந்திருக்கும். சரி, கருவியைச் செய்துகொள்வோம் என்று, துளைகளுக்கு மேல் ஒரு அட்டையை வைத்து அழுத்தி அச்சு எடுத்தேன். எண்ணெய்க் கையால் அழுத்தினால் அட்டையில் துளைகள் அப்படியே பதியும். வெர்னியரால் துளையின் விட்டம், எதிர்த் துளைகளின் இடைவெளி, மரைக்குழாய் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்ற மூன்றையும் அளந்து குறித்துக்கொண்டேன்.

பல்லாவரம் பக்கம் ஒரு சின்ன லேத்துப் பட்டறைக்கு அந்த அட்டையோடு போனேன். பட்டறைக்காரர் அட்டையைப் பார்த்ததும், "ஃபில்டர் மாட்டிக்கிச்சா? தட்டு சுத்தமா இருக்கா, உளி போட்டுக் கெடுத்துட்டியா?" என்று கேட்டார். "உளிய நிறுத்திட்டேன் அண்ணே" என்றதும் தலையாட்டினார். மரைக்குழாயின் மேல் இடிக்காமல் நிற்கும்படி ஒரு தடித்த பைப் துண்டை வெட்டி, அதன் ஒரு முனையில் கெட்டியான ஆலன் போல்ட் துண்டுகள் இரண்டை முளைகளாக வைத்து வெல்டு செய்தார். மறுமுனையில் ஒரு தட்டும் அதன் மேல் பெரிய நட்டும். நட்டில் சாக்கெட் போட்டு ராட்செட்டால் முன்னாலிருந்து நேராகத் திருப்பலாம். சாதாரண போல்ட் போட்டால் முளை வளைந்துவிடும், ஆலன் போல்ட்தான் தாங்கும் என்று அவர் சொன்னது முக்கியமான குறிப்பு. 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவர் கேட்டிருந்தால் ஆயிரமும் கொடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து, கருவியைத் துளைகளில் உட்கார வைத்து, நழுவாமல் இருக்க இடது கையால் இன்ஜினை நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, நீளமான ராட்செட்டை மெதுவாக அழுத்தினேன். வெட்டி இழுக்காமல், ஒரே சீராக எடையை ஏற்றிக்கொண்டே போனேன். டக் என்று ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்று நெஞ்சு பதறியது. பார்த்தால் தட்டு நகர்ந்திருந்தது. அடுத்த திருப்பில் லேசாகச் சுழன்றது, அப்புறம் கையாலேயே கழன்று வந்துவிட்டது. தனியாக அந்த போர்டிகோவில் நின்று சத்தமாகச் சிரித்தேன்.

பிறகு இன்ஜினின் முகத்தைத் துடைத்தபோது இத்தனைக்கும் காரணம் என்னவென்று தெரிந்தது. அங்கே இன்னொரு ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் முந்தைய ஃபில்டரின் வளையம். கடைசியாக ஃபில்டர் மாற்றியவர்கள் பழைய ரப்பர் இன்ஜினிலேயே தங்கிவிட்டதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதியதை மாட்டியிருக்கிறார்கள். இரண்டு ரப்பர் ஒன்றின் மேல் ஒன்று இருந்தால் கசியும். கசிவை நிறுத்த ரெஞ்ச் போட்டு முறுக்கோ முறுக்கென்று முறுக்கியிருக்க வேண்டும், வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. எனக்குக் கடுமையான கோபம் வந்தது. கழலாமல் போனதற்காக மட்டும் அல்ல. அந்த இரட்டை ரப்பர் நெடுஞ்சாலையில் பிதுங்கி வெளியே வந்திருந்தால், சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் பின் சக்கரத்தில் அடித்திருக்கும். அந்த நிலையில் நான் விழுப்புரம் வரை போய்வந்திருக்கிறேன். யாரிடம் சர்வீஸ் விட்டாலும், கழற்றிய பழைய ஃபில்டரைக் காட்டச் சொல்லுங்கள். அதில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இல்லையென்றால் அது இன்ஜினில்தான் இருக்கிறது.

விறைத்த ரப்பரை எடுக்கக் கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம். பழைய ஏ.டி.எம். கார்டின் மூலையை வைத்துச் சுரண்டினேன், சூடான நாளாக இருந்ததால் உரிந்து வந்தது. முகத்தில் விரலை வைத்து முழு வட்டமும் தடவிப் பார்த்தேன். கீறல் இல்லை. மரைக்குழாய் ஃபில்டரோடு சேர்ந்து கழன்றிருக்கிறதா, ஆடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். கழன்றிருந்தால் அதைச் சரியான முறுக்கில் திரும்பப் பொருத்த மெக்கானிக்கின் உதவி வேண்டும். என்னுடையது உறுதியாக இருந்தது. அடைத்து வைத்த துணியை மெதுவாக வெளியே எடுத்து, வாயில் தூசி இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் புதியதைக் கையில் எடுத்தேன்.

புது ஃபில்டரின் ரப்பரில் விரலால் புது ஆயிலைத் தடவுங்கள். இந்த ஒரு விநாடி வேலைதான் அடுத்த முறை அது சுலபமாகக் கழலுமா இல்லையா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. உள்ளே பாதி ஆயில் ஊற்றித் தாள் உறிஞ்சும்வரை கொஞ்சம் வைத்திருந்தேன். படுக்கை வாட்டில் மாட்டும் ஃபில்டர் என்பதால் முழுவதும் நிரப்பினால் கொட்டிவிடும். கையால் திருகி, ரப்பர் முகத்தைத் தொடும் இடத்தில் நிறுத்தி, டப்பாவிலும் இன்ஜினிலும் நேராக மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். அங்கிருந்து முக்கால் சுற்று, அதுவும் கையால். பெரும்பாலான ஃபில்டர்களின் டப்பாவிலேயே தொட்டபின் எவ்வளவு சுற்ற வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள், அதன்படி செய்யுங்கள். கப் ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும். கழற்றும் கருவியாலேயே இறுக்குவதுதான் பல ஃபில்டர்களைச் சிக்க வைக்கிறது.

டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, 10டபிள்யூ-50 ஆயிலை மூன்று லிட்டர் ஊற்றினேன். கிளட்சும் இதே ஆயிலில்தான் ஓடுவதால் ஜாசோ எம்ஏ2 தரம் என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும், கார் ஆயில் கூடாது. ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். என் வண்டியில் அணைந்துவிட்டது. ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து, சென்டர் ஸ்டாண்டில் வைத்து, இன்ஜினில் ஆயில் மட்டம் காட்டும் சிறு கண்ணாடியில் அளவு பார்த்து மீதியை ஊற்றினேன். ஃபில்டரும் ஆயிலை எடுத்துக்கொள்ளும் என்பதால் முதல் அளவை நம்பி விட்டுவிடக் கூடாது. பெண்ட் பைப்பில் சிந்திய எண்ணெய் புகையும், பயப்பட வேண்டாம். ஆனாலும் முன்பே துடைத்துவிடுவது நல்லது. தெருவில் இரண்டு சுற்று போய்வந்து, ஃபில்டரின் அடியில் வெள்ளைத் தாளை வைத்துத் துடைத்துப் பார்த்தேன், காய்ந்தே இருந்தது.

செலவைக் கேட்டால், ஆயிலும் புது ஃபில்டரும் எப்படியும் ஆக வேண்டிய செலவு. அது போக ஸ்ட்ராப் ரெஞ்ச் 380, கப் ரெஞ்ச் 650, கத்தரியும் பிளேடும் 380, லேத்து 200. வண்டி இல்லாமல் அலைந்த ஆட்டோ, ரயில் செலவு கிட்டத்தட்ட 900. அரை நாள் விடுப்பு தனி. ஆரம்பத்திலேயே கப் ரெஞ்ச் இருந்து, ஆயிலை வடிக்கும் முன் சூடான இன்ஜினில் நசுங்காத டப்பாவில் அதை மாட்டியிருந்தால், 650 ரூபாயோடு பத்து நிமிடத்தில் முடிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்படியும் வராதிருந்தால் ஓட்டிக்கொண்டு போய் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள், தென்னை மரத்தடியிலும் வேண்டாம். கழிவு ஆயில் அபாயகரமான கழிவுகளின் பட்டியலில் இருக்கிறது. ஒரு பழைய கேனில் மூடி வைத்து, பெரிய பட்டறை எதிலாவது கொடுங்கள், அவர்களிடம் மொத்தமாக எடுக்க ஆள் வரும். என் தெருமுனைப் பட்டறையில் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த இரண்டு முளைக் கருவி என்னிடம்தான் இருக்கிறது. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் யாருக்காவது ஃபில்டர் மாட்டிக்கொண்டால் கேளுங்கள், தருகிறேன். துளைகளின் இடைவெளி ஒவ்வொரு கம்பெனி ஃபில்டருக்கும் மாறும் என்பதால், கேட்கும்போதே உங்கள் அடித்தட்டில் எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து சொல்லிவிடுங்கள். பொருந்தவில்லை என்றால் அந்த லேத்துப் பட்டறைக்கு வழி சொல்கிறேன்.